கோழிக்கு நிறம் பாக்குறது

எங்க பக்கம் வீடு தேடி வந்து கோழி கேக்குறவங்க முதல்ல எடை கேக்க மாட்டாங்க. நிறம்தான் கேப்பாங்க. "கருப்பு இருக்காண்ணே?" இல்லன்னா, "செவலைச் சேவல் ஒண்ணு வேணும், கால் மஞ்சளா இருந்தா நல்லது." எடை போட்டு வித்தா 700, 800 ரூபாய்க்குப் போற சேவல், ஒரு வெள்ளை இறகுகூட இல்லாத கருப்பா இருந்தா ஆடி மாசத்துல 1,500க்கு மேல போகும். அன்னைக்கு விலை சொல்றது நாமதான், கேக்குறவர் பேரம் பேச மாட்டார். ஏன்னா அது அவர் சாப்பிட வாங்குற கோழி இல்ல, சாமிக்கு நேந்துக்கிட்ட கோழி.

முனீஸ்வரனுக்கும் கருப்புக்கும் கருஞ்சேவல் விடுறதா வேண்டிக்கிட்டவங்க, செவப்பு கலந்த சேவலைக் கொண்டுபோய் நிறுத்த மனசு வராம ஊர் ஊரா அலைவாங்க. 2003ல கோயில்ல ஆடு கோழி வெட்டக் கூடாதுன்னு, 1950லேயே போட்டு தூங்கிக்கிட்டு இருந்த சட்டத்தைக் கறாரா எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? அடுத்த வருசமே, 2004ல, அந்தச் சட்டத்தையே நீக்கிட்டாங்க. நடுவுல அந்தக் கொஞ்ச மாசம் கருப்புச் சேவலுக்கும் மத்த சேவல் விலைதான். அப்பதான் எனக்கு உறைச்சுது, கருப்புங்கிற விலை கறியில இல்லன்னு.

இன்னொரு ரகம் டவுன்ல இருந்து வர்றவங்க. நீங்கதான், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு இறகு கலர் கலரா இருந்தா நாட்டுக்கோழி, வெள்ளையா இருந்தா பிராய்லர். அந்தக் கணக்கு எப்பவோ செல்லாமப் போச்சு. ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்துல உருவாக்கின வனராஜா, பெங்களூருல உருவாக்கின கிரிராஜா, நம்ம நந்தனம் கோழி, எல்லாமே கொல்லையில வளக்குறதுக்குன்னு கலர் இறகோட உருவாக்கினதுதான். நல்ல கோழிங்க, குறை சொல்லல. சீக்கிரம் எடை ஏறும், நம்ம கோழியைவிட முட்டை கூடப் போடும். கலர் பிராய்லர்னே தனியா ஒண்ணு இருக்கு. பிரவுன் முட்டையும் அப்படித்தான். பண்ணையில கூண்டுக்குள்ள இருந்துக்கிட்டே பிரவுன் முட்டை போடுற கலப்பினக் கோழி இருக்கு. ஓட்டு நிறம் கோழியோட வம்சத்தைப் பொறுத்தது, அது மேஞ்சதா இல்லையாங்கிறதை அது சொல்லாது. இறகை வச்சு ஏமாறாம இருக்கணும்னா, கோழியைத் துரத்திப் பாருங்க. மதிலு மேல பறந்து ஏறினா அது எங்க கோழி.

எங்க கோழின்னு நான் சொல்றது சிறுவிடை. பொட்டைக்கோழி ஒண்ணேகால் கிலோ வந்தா பெருசு. ஒரு ஈட்டுக்கு 12, 15 முட்டை போடும், அப்புறம் அடைக்கு உக்காந்துடும். வருசத்துக்கு மூணு நாலு ஈடு. மொத்தமா 50, 60 முட்டை. நாமக்கல் பண்ணைக்கோழி வருசத்துக்கு 300க்கு மேல போடுதுன்னா, அதுக்கு அடை உக்காரவே தெரியாது. அடைக்கு உக்காந்தா முட்டை நின்னுபோகும்னு, உக்காராத கோழியாப் பாத்துப் பாத்துச் சேத்து அந்தக் குணத்தையே வம்சத்துல இருந்து எடுத்துட்டாங்க. அவங்களுக்கு மெஷின் இருக்கு. நம்ம கொல்லையில கோழிதான் மெஷின்.

நிறத்துக்குப் பெரிய சாஸ்திரமே வச்சிருக்கிறவங்களும் இருக்காங்க. சண்டைச் சேவல் வளக்குறவங்க காகம், வல்லூறு, ஆந்தை, மயில், கோழின்னு பஞ்சபட்சி பேர்ல நிறத்தைப் பிரிச்சு, எந்த நாள்ல எந்த நேரத்துல எது ஜெயிக்கும்னு கணக்குப் போடுவாங்க. பொங்கலுக்குக் கரூர் பக்கம் பூலாம்வலசுல கூடுற கூட்டம் உங்களுக்கு டிவியில தெரியும். திண்டுக்கல் பக்கம் கிளிமூக்கு விசிறிவால் சேவலுக்குக் கண்காட்சியே நடத்துறாங்க. மூக்கு கிளி மாதிரி வளைஞ்சு, வாலு தரையில விசிறி மாதிரி கிடக்கும். எங்க டெல்டாவுல இந்த நுணுக்கம் கிடையாது. கருப்பு, வெள்ளை, செவலை, சாம்பல், பொரி, அவ்வளவுதான். கருப்புல வெள்ளைப் பொரி தெளிச்ச மாதிரி இருந்தா பொரிக்கோழி. இது எதுலயும் சேராம காஞ்ச வாய்க்கால் மண்ணு மாதிரி இருக்குமே, அதுக்குப் பேரே கிடையாது. சந்தையில அதை யாரும் முதல்ல கையில எடுக்க மாட்டாங்க.

அந்தப் பேரில்லாத நிறத்தைப் பத்தித்தான் எழுத வந்தேன்.

எங்க வீட்ல கோழி என் இலாகா இல்ல. நெல்லும் தென்னையும் என்னோடது, கோழி வீட்டுக்காரம்மாவோடது. கோழி வித்த காசுல நான் கை வச்சது இல்ல. புள்ளைங்க நோட்டு, சீட்டுக் காசு, ஆஸ்பத்திரிக்கு அவசரத்துக்கு ஓடுறது, எல்லாம் அதுல இருந்துதான். டெல்டாவுல பாதி வீட்ல இதுதான் வழக்கம். தண்ணி வராம குறுவை போயிடும், மழையில சம்பா சாயும், கோழிக்காசு மட்டும் முந்தானையில இருக்கும். அதனால எந்தச் சேவலை நிறுத்துறது, எதை விக்கிறதுங்கிற முடிவும் அவங்களோடதுதான். நான் கருத்து சொல்லலாம்.

நிறம் அழகுக்கு மட்டும் இல்ல. வெள்ளைக் குஞ்சை எங்க கொல்லையில ஒரு மாசம் வச்சுக் காப்பாத்துறது பெரும்பாடு. மேல இருந்து பாக்குற பருந்துக்கும் வைரிக்கும் அது பல்பு போட்ட மாதிரி தெரியும். முதுகுல அணில் மாதிரி கோடு போட்ட குஞ்சு இருக்கே, அது வைக்கோல்ல படுத்துடுச்சுன்னா பக்கத்துல நின்னாக்கூட எனக்கே தெரியாது. தாய் ஒரு குரல் கொடுத்ததும் அப்படியே படுத்துடும், அடுத்த குரல் வர்ற வரைக்கும் அசையாது. சிலர் வெள்ளைக் குஞ்சுக்கு ரோஸ் கலர் சாயம் அடிச்சு விடுவாங்க, பருந்து குழம்பிப் போகும்னு. சைக்கிள்ல கூடை வச்சுப் பச்சையும் ரோஸுமா குஞ்சு விப்பாங்களே, அது வேற. அது முட்டைப் பண்ணைக்கு ஆகாத ஆண் குஞ்சுங்க. முட்டை போடாது, கறியும் ஏறாது, அதனால சாயம் ஏத்திப் புள்ளைங்ககிட்ட விக்கிறாங்க.

இப்ப கஜாவுக்கு வர்றேன்.

2018 நவம்பர் 16 விடியக்காலம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை என்ன ஆச்சுன்னு நீங்க எல்லாரும் பாத்தீங்க. கோழி என்ன ஆச்சுன்னு எந்த டிவியிலயும் வரல. எங்க கோழிக்கூட்டு மேல ஒரு தென்னை விழுந்துச்சு. சின்னதும் பெருசுமா 34 உருப்படி இருந்துச்சு. விடிஞ்சு பாத்தப்ப நாலு. ஒரு செவலைச் சேவல், மூணு பொட்டை. அந்த நாலும் தப்பிச்சது, ராத்திரி கூட்டுக்கு வராம அடுப்படித் தாழ்வாரத்துல போய் ஒண்டிக்கிட்டதால. அதுலயும் ஒண்ணுக்கு ஒரு கண்ணு போயிடுச்சு. தெரு முழுக்க இதே கதைதான், பல வீட்ல ஒண்ணுகூட மிச்சமில்ல.

மூணு பொட்டையில ஒண்ணு நல்ல கருப்பு, இறகுல பச்சை மினுங்கும். இன்னொண்ணு பொரி. மூணாவது நான் சொன்ன மண்ணு நிறம். அதுக்குத்தான் ஒரு கண்ணு. வீட்ல அதை 'மண்ணாங்கட்டி'ன்னு கூப்பிடுவாங்க.

நிவாரணம் கொடுக்க வந்த ஒருத்தர் அந்தச் சேவலைப் பாத்துட்டு, வேண்டுதலுக்கு ஆகும்னு விலை கேட்டார். கையில காசே இல்லாத நேரம். "வீட்ல ஆம்பளைன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதாங்க"ன்னாங்க வீட்டுக்காரம்மா. நான் பக்கத்துலதான் நின்னேன்.

தையில மூணும் முட்டை போட ஆரம்பிச்சுது. மூணோட முட்டையையும் தனித்தனியா கண்டுபிடிச்சிடலாம், ஒவ்வொரு கோழிக்கும் முட்டை வடிவம் மாறாது. கருப்பி முட்டை நீளம், மண்ணாங்கட்டி முட்டை உருண்டை. கூர் முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பொட்டையாகும்னு பெரியவங்க சொல்வாங்க, அது உண்மை இல்ல. ஆணா பொண்ணாங்கிறது கோழியில பொட்டை கையிலதான் இருக்கு, சேவல் கையில இல்ல. மனுசனுக்கு அப்படியே தலைகீழ். இது தெரியாம மருமகளைத் திட்டின மாமியாருங்க எங்க தெருவுலயே எத்தனை பேரு!

கருப்பி நிறைய முட்டை போட்டுச்சு. அடைக்கும் உக்காந்துச்சு. பத்தாம் நாள் எழுந்து போயிடுச்சு, திரும்பி வரல. முட்டை பூராவும் கூழ். பொரி பரவாயில்ல ரகம், பாதி பொரிச்சுது. மண்ணாங்கட்டி 12 முட்டையில உக்காந்து 21 நாளும் எழுந்தது தீனிக்கும் தண்ணிக்கும் மட்டும். 11 குஞ்சு. அந்த 11ல பத்தைப் பெருசாக்கிச்சு, ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு. கீரிப்பிள்ளை வந்தப்ப அது எழும்பி அடிச்ச அடியை நான் பாத்தேன். அப்ப எங்க ஊருக்குக் கரண்ட் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு, ஒரு மாசத்துக்கு மேல இருட்டுல கிடந்தோம். "இன்குபேட்டர் வாங்கிக்கலாமே"ன்னு கேக்குற நண்பர்களுக்கு இதான் என் பதில். அந்த மார்கழியில எங்க வீட்ல ஒரு இன்குபேட்டர் இருந்திருந்தா, அது மேல துணி காயப்போட்டிருப்போம். அதோட இன்னொண்ணும் இருக்கு. மெஷின்ல பொரிச்ச குஞ்சுக்குப் பருந்து வருதுன்னு சத்தம் கொடுக்க யாரு இருக்கா?

அடுத்த ஈட்டுல இருந்து கருப்பி முட்டையையும் மண்ணாங்கட்டிக்கு அடியில வச்சோம். எது யார் பிள்ளைன்னு தெரியணுமே. கருப்பி முட்டையில பென்சில்ல ஒரு கோடு. பொரிக்கிற நாள் ராத்திரி டார்ச் வச்சு உக்காந்திருந்து, குஞ்சு ஓட்டை விட்டு வெளிய வந்ததும் கால்ல நூல் கட்டினாங்க. மண்ணாங்கட்டி பிள்ளைக்குச் செவப்பு நூல், கருப்பி பிள்ளைக்குக் கருப்பு நூல். கால் பெருக்கப் பெருக்க நூலை அவுத்து அவுத்துக் கட்டணும், இல்லன்னா சதையில இறங்கிடும். வாரத்துக்கு ஒரு தடவை ராத்திரி இந்த வேலை. பத்தாவது படிச்ச நானும் எட்டாவது படிச்ச அவங்களும் அரிக்கேன் வெளிச்சத்துல ஆராய்ச்சி நிலையம் நடத்தினோம்.

கருப்பி பிள்ளைங்க முக்காவாசி கருப்பு. ஆனா சேவல் குஞ்சு வளர வளர கழுத்துலயும் முதுகுலயும் செம்மயிர் ஏறுச்சு. கருப்பும் செவலையும் சேந்தா கருப்பு ஜெயிக்கும், முழுசா ஜெயிக்காது. கழுத்துல அப்பன் தெரிவான். சாமிக்கு அது ஆகாது. கரிக்கருப்பு வேணும்னா கருப்புக்குக் கருப்பையே சேக்கணும். எங்ககிட்ட இருந்த கருப்பெல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைங்க.

நடுவுல ஒரு வேடிக்கை. செவலைச் சேவலுக்கும் மண்ணாங்கட்டிக்கும் வெள்ளைக் கால். பிறந்ததுல மூணு குஞ்சுக்கு மஞ்சக் கால். "எந்த வீட்டுச் சேவலோ வேலி தாண்டியிருக்கு"ன்னாங்க வீட்ல. அந்த மாசம் எங்க தெருவுலயே வேற சேவல் உயிரோட கிடையாது. ஒரத்தநாட்டுல 2012லேருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க படிச்ச எங்க ஊர்ப் பையன் லீவுக்கு வந்திருந்தான். "பெரியப்பா, பெரியம்மாவைச் சந்தேகப்படாமக் கோழியைச் சொல்லச் சொல்லுங்க"ன்னு சிரிச்சுட்டு விளக்கினான். மஞ்சக் கால் ஒளிஞ்சு வர்ற குணமாம். அப்பன்கிட்ட ஒரு பங்கு, ஆத்தாகிட்ட ஒரு பங்கு ஒளிஞ்சு இருக்கும். ரெண்டும் ஒரே முட்டையில சேந்தாத்தான் வெளிய தெரியும். அது நாலுல ஒண்ணு வரும். மெண்டல் பட்டாணிச் செடியில கண்ட கணக்கு. அது பிராணிக்கும் பொருந்தும்னு முதல்ல காட்டினவங்கள்ல ஒருத்தர் பேட்சன்னு ஒரு இங்கிலாந்துக்காரர், 1902ல. அவர் எடுத்துக்கிட்டதும் கோழிதான், கொண்டை வடிவத்தை வச்சு.

இன்னொண்ணும் சொன்னான், அதுல எனக்கு ஒரு பெருமை. உலகத்துல இருக்கிற கோழிக்கெல்லாம் மூதாதை செங்காட்டுக்கோழி. ஆனா அதுக்கு மஞ்சக் கால் கிடையாது. மஞ்சள் வந்தது சாம்பல் காட்டுக்கோழியில இருந்துன்னு 2008ல சுவீடன் ஆராய்ச்சிக்காரங்க கண்டுபிடிச்சிருக்காங்க. சாம்பல் காட்டுக்கோழி எங்க இருக்கு? நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில. அமெரிக்காவுல மஞ்சத்தோல் கோழியைக் கடையில தொங்கவிட்டிருக்கான்னா, அதுல ஒரு சொட்டு நம்ம மலைக்காட்டுச் சொத்து.

அவன் சொன்னதுல பயமுறுத்தினதும் ஒண்ணு. குட்டைக்கால் கோழி பாத்திருப்பீங்க, வாத்து மாதிரி நடக்கும், ஓடாது, வேலி தாண்டாது. நல்லாருக்கேன்னு குட்டைக்கும் குட்டைக்கும் ஜோடி போட்டா, நாலுல ஒரு முட்டை பொரிக்காது. அந்தக் குணம் ரெண்டு பக்கமும் சேந்துட்டா குஞ்சு முட்டைக்குள்ளேயே செத்துடும். கழுத்துல இறகே இல்லாத கழுத்தறுத்தான் கோழியில அந்த ஆபத்து இல்ல. பாக்க அசிங்கமா இருந்தாலும் சித்திரை வெயிலை அதுதான் நல்லாத் தாங்கும். முன்கழுத்துல ஒரு குஞ்சம் மாதிரி இறகு இருந்தா அது கலப்பு, மொட்டையா இருந்தா ரெண்டு பக்கச் சொத்தும் வாங்கினது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுற குணம். அடை உக்காருறது அப்படி வெளிய தெரியாது, கோழிக்கு ஒரு வயசு ஆகிற வரைக்கும் காத்துக் கிடக்கணும்.

காத்துக் கிடந்தோம். 2020 கடைசியில கருப்பு நூல் பொட்டைங்க ஒன்பது, செவப்பு நூல் பொட்டைங்க ஏழு, அடைக்கு வந்துச்சுங்க. ஒன்பதுல 21 நாள் முழுசா உக்காந்தது ரெண்டு. ஏழுல ஆறு. அத்தனையையும் வளத்தது மண்ணாங்கட்டிதான், ஒரே பஞ்சாரத்துல, ஒரே தீனியில. வளப்பு ஒண்ணு, பிறப்பு வேற.

அப்ப எங்ககிட்ட ஒரு சேவல் இருந்துச்சு. கருப்பு நூலுக்குள்ள அண்ணன் தங்கச்சி சேந்து வந்தது. சுத்தக் கருப்பு, கண்ணு, கால், கொண்டை ஓரம்கூட கருப்படிச்சுது. நடந்தா வாசல் நிறையும். அதை நிறுத்தி வச்சா வருசா வருசம் ஆடிக்குப் பத்துக் கருப்புச் சேவல் விக்கலாம்னு என் கணக்கு. பத்துக்கு 15,000. அந்த வருசம் கரும்பும் இல்ல, தென்னையும் இல்ல. கஜாவுல விழுந்த மரத்துக்கு மாத்தா வச்ச கன்னு காய்க்க இன்னும் அஞ்சு வருசம் ஆகும். 15,000ங்கிறது எங்களுக்குச் சின்னக் காசு இல்ல.

வீட்டுக்காரம்மா கணக்கு வேற. அந்தச் சேவல் மிதிச்ச முட்டை, பத்து வச்சா அஞ்சு ஆறுதான் பொரிக்குதுன்னு அவங்க செவுத்துல கரிக்கோடு போட்டு வச்சிருந்தாங்க. சொந்தத்துக்குள்ளயே சேத்தா அப்படித்தான் ஆகும். "பத்துச் சேவல் விக்கணும்னா அது முட்டையை விட்டு வெளிய வரணுமுல்ல. வந்தாலும் அதுல பாதி பொட்டை. அது அடைக்கு உக்காராது. அப்புறம் எதை வச்சுப் பொரிக்கிறது?"

"மண்ணாங்கட்டி இருக்குல்ல"ன்னேன்.

"அதுக்கு வயசு என்ன தெரியுமா?"

ஆடி பொறக்க ஒரு வாரம் இருக்கும்போது பாப்பாநாட்டுப் பக்கத்துல இருந்து ஒரு குடும்பம் வந்துச்சு. புள்ளை உடம்பு தேறினதுக்கு நேத்திக்கடன். அந்தச் சேவலைப் பாத்ததும் அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுருச்சு. 2,000 ரூபாய். எனக்கு மனசே வரல, வண்டி தெரு திரும்புற வரைக்கும் நின்னு பாத்தேன். வீட்டுக்காரம்மா நோட்டை எண்ணிக்கூடப் பாக்கல, உள்ள போயிட்டாங்க. அவங்களுக்கும் அந்தச் சேவல்மேல ஆசைதான், காலையில முதல் பிடி தவிடு அதுக்குத்தான் போடுவாங்க.

நிறுத்தினது எது தெரியுமா? மண்ணாங்கட்டி மகன் ஒண்ணு. மங்கின செவலை, மஞ்சக் கால், பெருசா அழகு சொல்ல முடியாது. "சேவலுக்கும் ஆத்தாளைப் பாருடா"ன்னு எங்க அப்பாயி சொல்லும். சேவல் அடைக்கு உக்காரப் போறது இல்ல, ஆனா அது ஆத்தா குணம் அது வழியா மகளுக்குப் போகும். மாடு வாங்கும்போது காளைக்குத் தாயோட பாலைக் கேக்குறோமே, அது மாதிரி. ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை சேவலை மாத்தணும்னும் வச்சுக்கிட்டாங்க. மூணு தெரு தள்ளி ஒரு அத்தாச்சி வீட்ல மண்ணாங்கட்டி மக ஒண்ணை வாரத்துக்கு விட்டிருந்தோம். வாரம்னா, கோழி நம்மோடது, வளப்பு அவங்களோடது, குஞ்சு பாதிப் பாதி. அவங்க வீட்ல வேற சேவல். அந்தப் பாதியில வந்த சேவல் எங்க வீட்டுக்கு, எங்க வீட்டுச் சேவல் அங்க. கல்யாண சம்பந்தம் மாதிரியேதான் இதுவும். கஜாவுக்கு அப்புறம் கோழி இல்லாமப் போன வீடுகளுக்கு இப்படித்தான் திரும்பக் கோழி வந்துச்சு, எங்க தெருவுல மட்டும் ஆறு வீடு.

வம்சம் நல்லாருந்தா போதும்னு நினைச்சுடாதீங்க. வெள்ளைக் கழிச்சல் வந்தா கருப்பும் போகும், மண்ணும் போகும். 1920கள்ல இமயமலைப் பக்கம் ராணிக்கெட்ங்கிற ஊர்ல கண்டதால டாக்டருங்க அந்தப் பேரே சொல்றாங்க. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணுல லசோட்டா சொட்டு, ரெண்டு மாசத்துல ரெக்கையில ஊசி. எங்க கால்நடை ஆஸ்பத்திரியில இலவசமாவே போடுறாங்க. கோழியைப் புடிச்சுக் கூடையில போட்டுக் கொண்டுபோற கூச்சத்துல பல பேரு போறது இல்ல. நம்ம ஆளுங்களுக்கு மாட்டைக் கொண்டுபோனா கௌரவம், கோழியைக் கொண்டுபோனா வெக்கம்.

தீனிக்கு ஒண்ணு சொல்லணும், நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. முன்னாடி களத்துமேட்டுல அடிச்சுத் தூத்துறப்ப பதரும் கருக்காயும் குவிஞ்சு கிடக்கும், கோழி அங்கேயே குடியிருக்கும். இப்ப மெஷின் வயல்லயே அறுத்து அள்ளிட்டுப் போயிடுது. அதனால கரையான் பானை வைக்கிறோம். பழைய பானையில கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி, வைக்கோல் போட்டுத் தண்ணி தெளிச்சு, சாயந்தரம் கரையான் இருக்கிற இடத்துல கவுத்து வச்சுட்டா, விடியும்போது பானை நிறையக் கரையான். குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. மண்ணாங்கட்டி பானையைத் தூக்குற சத்தம் கேட்டாலே குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு ஓடி வரும்.

அது 2022 ஐப்பசி மழையில செத்துச்சு. வயசு எட்டு இருக்கும். கோழிக்கு அது பெரிய வயசு, அதுவும் குழம்புச் சட்டிக்குப் போகாம. கொல்லையில எலுமிச்சை மரத்தடியில புதைச்சோம்.

இப்ப கொல்லையில 41 உருப்படி. ஏழு எட்டு கருப்பு அதுல வந்துக்கிட்டுத்தான் இருக்கு, பொரி இருக்கு, போன ஈட்டுல சாம்பல்கூட ஒண்ணு வந்துச்சு. கருப்பா வர்ற சேவலை ஆடிக்கு வித்துடுறாங்க, கழுத்துல கொஞ்சம் செம்மயிர் இருந்தா 1,000, 1,200 தர்றாங்க. பொட்டையில நிறம் பாக்குறதே இல்ல. முதல் அடையில 21 நாள் உக்காராத கோழி ரெண்டாவது அடை வரைக்கும் இருக்கும், அதுலயும் எழுந்து போனா ஞாயித்துக்கிழமைக் குழம்பு. மூணு கோழி இப்ப அடையில இருக்கு. அதுல ஒண்ணு நல்ல கருப்பு, இன்னைக்குப் பதினாறாம் நாள், இன்னும் எழுந்திரிக்கல. வீட்டுக்காரம்மா ராத்திரி ரெண்டு தடவை டார்ச் எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வர்றாங்க.